பயிற்சி பிரஷர் அளக்கிற இடத்திலிருந்து தொடங்கட்டும்
குடும்ப வைத்தியர்களுக்குப் புது மருந்துகள் பற்றி ஒருநாள் பயிற்சி கொடுத்தால் பிரஷர் கட்டுக்குள் வந்துவிடும் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இலங்கையின் வன்னியில் கோளாறு மருந்து எழுதுவதற்கு முன்னமே தொடங்குகிறது. ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து விடிய பஸ் ஏறி, இரத்தப் பரிசோதனை இருக்கலாம் என்று சாப்பாட்டோடு காலைக் குளிசையையும் விட்டுவிட்டு வந்தவரை, வந்து இருந்த கையோடு அளந்தால் 160க்கு மேல் காட்டுவதில் என்ன வியப்பு? ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பட, பேசாமல் இருக்கவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். பருத்த கைக்கு, பிரஷர் அளக்கச் சுற்றும் பட்டி சின்னதாக இருந்தால் கூடத்தான் காட்டும். உள்ளிருக்கும் காற்றுப்பை கைச்சுற்றளவில் 80 வீதத்தையாவது மூட வேண்டும். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் பற்றிக் கேட்காமல் இரண்டாவது மருந்து சேர்ப்பதும் வீண்: அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும், லொசார்டான் என்ற பிரஷர் மருந்தோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். டோஸைக் கூட்ட வைத்தியர்கள் தயங்குகிறார்கள் என்று மேலே கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியது சரிதான். ஆனால் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கும்போது பலருக்குக் கணுக்கால் வீங்கும், சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். 5இலேயே வைத்துக்கொண்டு லொசார்டான் 50 சேர்ப்பது பெரும்பாலும் நல்லது. சேர்த்து ஒன்றிரண்டு கிழமைக்குள் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய் காணப்படும் வவுனியாப் பக்கத்தில் இதைத் தவறவே விடக்கூடாது. வயதானவர்களை எழுப்பி நிற்கவைத்து 1ஆம், 3ஆம் நிமிடங்களிலும் அளந்தால்தான், மருந்து கூடித் தலைசுற்றி விழக்கூடியவர் யாரென்று முன்னமே தெரியும்.