49-ஆவது மணி நேரம்

தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை மனதார மதிப்பவர்களில் நானும் ஒருத்தி. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, எங்கள் நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிப் பழகிய எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு வந்தது விபத்து இல்லை, பக்கவாதம். அவர் அந்தத் திட்டத்தின் கீழ் வரவும் இல்லை. ஆனாலும் அதன் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் 49-ஆவது மணி நேரத்துக்குப் போய்விடுகிறது. உயிர் பிழைத்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு தொடங்கும் அந்தக் காலத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2021 பிப்ரவரியில், கோத்தகிரிப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில், மாலை இலை நிறுவைக்கு வரிசையில் நின்றிருந்த அம்மா, கூடையை இறக்கி வைக்கக் கை வராமல் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய் கோணியது, வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சமவெளியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. 9-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரையை எந்த வேளையில் கொடுக்க வேண்டும் என்று எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். படுக்கையில் அவரை எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது, அசையாத கையை எந்த நிலையில் வைப்பது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அதனால் நான் ஒரு தவறு செய்தேன். அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும் ஒவ்வொரு முறையும், செயலிழந்த அந்த வலக்கையைப் பிடித்தே இழுத்துத் தூக்கினேன். பக்கவாதம் வந்த கையில் தசைகள் தளர்ந்துவிடுவதால், தோள்மூட்டைத் தன் இடத்தில் பிடித்து வைக்கும் வலு அங்கே இருப்பதில்லை. அப்படிப்பட்ட கையை இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அம்மாவுக்கும் இறங்கியது. பக்கவாதத்தில் கை போகும் என்று தெரியும், ஆனால் இத்தனை வலி எதற்கு என்று இரவெல்லாம் அவர் அழுததற்கு நோய் பாதிக் காரணம் என்றால் என் அறியாமை மீதிக் காரணம். அடுத்து ஊரடங்கு வந்தது. மூளை தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் வேகம் மிகுந்திருக்கும் முதல் மூன்று மாதங்கள், பயிற்சிக்கு மிக அருமையான மாதங்கள், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டின் கட்டிலில் எண்ணெய் தேய்ப்பதிலும் நேர்த்திக்கடனிலும் கழிந்தன.

இதைச் சொந்தக் கதையாக மட்டும் சொல்லவில்லை. நோயோ காயமோ வந்தவரை மறுபடி எழுந்து தன் வேலையைத் தானே செய்யப் பழக்கும் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையில் உலகில் சுமார் 240 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1978-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் ஆரம்ப சுகாதாரத்துக்கு உலக நாடுகள் கூடி இலக்கணம் வகுத்தபோதே நலம் வளர்த்தல், நோய் தடுத்தல், குணப்படுத்தல், மறுவாழ்வளித்தல் என்று நான்கையும் சேர்த்தே சொன்னார்கள். நான்காவதாகச் சொல்லப்பட்டது நடைமுறையிலும் நான்காவதாகவே நின்றுபோனது. ‘மறுவாழ்வு 2030’ என்ற முயற்சி 2017-இல்தான் தொடங்கியது. மறுவாழ்வுச் சிகிச்சையை நாடுகளின் சுகாதார அமைப்புக்குள் வலுப்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் உலக சுகாதாரப் பேரவையில் 2023-இல்தான் நிறைவேறியது. அல்மா ஆட்டாவுக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் இடையே 45 ஆண்டுகள்.

அந்த 45 ஆண்டுகள் தொடங்கும் முன்பே நம் மாநிலத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கொல்லிமலையில் பிறந்தவரும், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றவருமான பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவைச் சிகிச்சையை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய மேரி வர்கீஸ், பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பால் பிராண்டுக்கு உடற்குறை எதுவும் இல்லை. ஆனால் விரல் நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களுக்கு அங்கே வேலை தர யாரும் இல்லை என்பதை அவர் கண்டார். மடங்கிய கையோடு இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை என்ற நிலை. அதைப் பார்த்த பிறகுதான் அவரும் உடன் பணியாற்றியவர்களும் அந்த நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு குடியிருப்பை வேலூரில் உருவாக்கினார்கள். அறுவைச் சிகிச்சையோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால் அது நடந்திருக்காது.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியிலும் இதே கதைதான். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் சிறு பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய அமர் சேவா சங்கம், இன்று சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சென்று மறுவாழ்வுப் பணி செய்கிறது. தசைச் சிதைவு நோயோடு வாழும் எஸ். சங்கரராமன் 1990-களில் அவரோடு இணைந்தார். இவர்கள் எல்லோரும் 49-ஆவது மணி நேரத்தைத் தாங்களே வாழ்ந்தவர்கள், அல்லது அதை வாழ்பவர் பக்கத்தில் நெடுநாள் உட்கார்ந்தவர்கள். அவர்களின் நிறுவனங்கள் படுக்கை எண்ணிக்கையிலிருந்து தொடங்கவில்லை. ஒருவர் காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போவதிலிருந்து தொடங்கின.

அரசுத் திட்டம் எங்கள் வாசலுக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் மாத்திரை கொடுப்பதோடு, இயன்முறைச் சிகிச்சையையும் (பிசியோதெரபி), நெடுநாள் நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வரும் என்று சொன்ன திட்டம். பக்கவாதம் வந்த பத்தாவது மாதத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரான பக்கத்து லைன் அக்கா பெயர் கொடுத்து, சமவெளியிலிருந்து பணிக்கு வந்திருந்த ஓர் இளம் இயன்முறை மருத்துவர் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். சாலையிலிருந்து எங்கள் வாசலுக்கு 46 படிகள். கருங்கல்லும் மண்ணும் கலந்த, மழையில் பாசி பிடிக்கும் படிகள்.

முதல் நாள் அவர் அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவே அவர் விரல் இறங்கியதை நானும் பார்த்தேன். என்னை ஒரு சொல்லும் குறை சொல்லாமல், இடுப்பைப் பிடித்து எப்படி எழுப்புவது என்று மூன்று முறை செய்து காட்டினார். அம்மாவுக்குக் கொடுத்த ரப்பர்ப் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. “கொழுந்து பறிச்ச கை கண்ணு இது, பந்து பிடிச்சு என்ன செய்யும்?” என்று அம்மா கேட்டார். அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண் வாசலிலிருந்த செடியில் ஒரு கிளையை ஒடித்துத் தரச் சொல்லி, அதை அம்மாவின் முன்னால் நிறுத்தி, “இரண்டு இலை ஒரு கொழுந்து பறிச்சுக் காட்டுங்கம்மா” என்றார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரவே இல்லை. இலையை விரல் உரசி விட்டுத் திரும்பியது. மறுநாளிலிருந்து ஒரு கிளை கட்டிலருகே இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். ஆறாவது வாரம் ஒரு கொழுந்து முறிந்த சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். அம்மா அதை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் மாதத்துக்கு இருமுறைதான் வர முடிந்தது. அது அவருடைய குறை இல்லை. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர், ஓர் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் என்ற அளவில் வகுக்கப்பட்ட திட்டம் அது. நீலகிரியில் இருப்பவை நான்கு வட்டாரங்கள். சமவெளியில் ஒருவர் வண்டியில் ஒரு நாளில் எட்டு வீடு பார்த்துவிடலாம். எங்களுக்கோ ஒரு பேருந்தை விட்டால் அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எதிர்மலையில் கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்குப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். மாலையில் மஞ்சு இறங்கினால், காட்டெருமை நிற்கும் தடத்தில் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது. மலை மாவட்டத்துக்குத் தலைக்கணக்கில் ஆள் ஒதுக்கினால், காகிதத்தில் சரியாக இருக்கும் கணக்கு களத்தில் பாதியாகிவிடும். வகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வகுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையில் மலைக்காரர் ஒருவர், கட்டிலில் கிடந்து எழுந்த ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும் என்கிறேன்.

சக்கர நாற்காலியும் அப்படித்தான். ஒரு முகாமில் அம்மாவுக்கு நல்ல நாற்காலி கிடைத்தது. கொடுத்தவர்கள் அன்போடு கொடுத்தார்கள். 46 படிகளுக்கு மேலே இருக்கும் ஒற்றையறை லைன் வீட்டில் அது எங்கே உருளும்? கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே திரும்பக்கூட இடமில்லாமல் இன்று அதில் துணி காய்கிறது. “நாற்காலியை விட அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டால் அம்மா வெளியே வந்துவிடுவார்” என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். கைப்பிடி எந்தத் துறையின் உதவி உபகரணப் பட்டியலில் வரும் என்று நான்கு அலுவலகங்களில் கேட்டேன். நாற்காலிக்குப் படிவம் இருக்கிறது, கைப்பிடிக்கு இல்லை.

வழி தெரியாமல் நிற்கவில்லை நாம். எங்கள் மாவட்டத்திலேயே, கூடலூரில், 1980-களின் கடைசியில் வந்த சில இளம் மருத்துவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் குடியிருப்புகளிலிருந்தே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘அஷ்வினி’ அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை. வெளியிலிருந்து ஒருவர் மலையேறி வருவதை எதிர்பார்க்காமல், குடியிருப்புக்குள் இருப்பவரையே பணிக்கு ஆளாக்கும் அந்த முறையைப் பக்கவாதத்துக்கும் முதுகுத்தண்டுக் காயத்துக்கும் ஏன் கொண்டு வரக்கூடாது? மாநில எல்லையிலுள்ள நாடுகாணிக்கு அந்தப் பக்கம், கேரளம் 2008-இலேயே ஆதரவுச் சிகிச்சைக்கென்று ஓர் அரசுக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளை அதற்குப் பொறுப்பாக்கியது. அங்கே படுத்த படுக்கையாக இருப்பவரைப் பற்றிப் பஞ்சாயத்தில் கேட்கலாம். இங்கே பஞ்சாயத்தில் தெருவிளக்கைப் பற்றித்தான் கேட்கப் பழகியிருக்கிறோம்.

2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம், ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. இதை நான் மிகப் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் குறைபாடுகளை 7-இலிருந்து 21-ஆக உயர்த்தியது, உரிமைகளைப் பட்டியலிட்டது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பவர் உட்கார வேண்டும். எங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் அப்படி ஒருவர் அமர்ந்தால், சாலைக்கு ஒப்பந்தம் விடும்போதே படிக்குக் கைப்பிடி உண்டா என்ற கேள்வி எழும். அந்த நியமனம் கட்சிக்காரரின் உறவினருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது ஆட்சியில் இருப்பவர்களின் கடமை. விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்களைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வைப்பது எங்களைப் போன்றவர்களின் கடமை.

உதகையில் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 700 படுக்கைகள். எங்கள் தலைமுறை கனவு கண்ட கட்டடம் அது. அதன் ஒவ்வொரு வார்டிலிருந்தும் வீடு திரும்பும் பக்கவாத நோயாளியின் குடும்பத்தில் ஒருவருக்காவது, அனுப்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி, எழுப்பவும் திருப்பவும் கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்து காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தால் போதும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அந்த வட்டார இயன்முறை மருத்துவருக்குப் பெயரும் முகவரியும் போய்ச் சேர வேண்டும். நாங்கள் பத்து மாதம் காத்திருந்ததைப் போல இன்னொரு வீடு காத்திருக்கக் கூடாது. மலை வட்டாரங்களுக்கு இயன்முறை மருத்துவர் எண்ணிக்கையைத் தலைக்கணக்கை விட்டுப் பயண நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். இவற்றோடு கைப்பிடியையும் உதவி உபகரணமாகச் சேர்க்கக் கோரி மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மனுவின் அடியில் அம்மா கைநாட்டு வைக்க மறுத்து, வலக்கையால் தன் பெயரை எழுதினார். மூன்றெழுத்துப் பெயரை எழுதி முடிக்க அவருக்குச் சில நிமிடங்கள் ஆயின.

லைனில் இருக்கும் அண்ணன்மார் சேர்ந்து பழைய தண்ணீர்க் குழாயை வெட்டி 22 படிகளுக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா தினமும் வெயில் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு 22-ஆவது படி வரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்து, சாலையில் இலை லாரி போவதைப் பார்த்துவிட்டு ஏறுகிறார். மீதி 24 படிகளுக்கு இன்னும் குழாய் கிடைக்கவில்லை.