அந்நிய பாஷை பேசாதவருக்கு மீட்பு இல்லையா?

தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: "அந்நிய பாஷை பேசாதவருக்குப் பரிசுத்த ஆவி இல்லை, மீட்பும் இல்லை. ஆதித் திருச்சபை முதல் இதுவே போதனை."

அந்நிய பாஷை என்பது, கற்காத மொழியில் ஆவியின் ஏவுதலால் பேசுவதாகச் சொல்லப்படும் வரம். ஆனால் அந்தச் செய்தி தவறு. அப்போஸ்தலர் நடபடிகள் 2, 10, 19 ஆகிய அதிகாரங்களில் ஆவி இறங்கியபோது பாஷை பேசினார்கள், உண்மை. ஆனால் 2:41-இல் ஞானஸ்நானம் பெற்ற மூவாயிரம் பேரோ, 16-ஆம் அதிகாரத்துச் சிறைக்காவலரோ பாஷை பேசியதாக ஒரு வரிகூட இல்லை. 1 கொரிந்தியர் 12:30-இல் பவுல், எல்லாரும் பாஷை பேசுகிறார்களா என்று கேட்பதே 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்துத்தான். 14:27-28 இன்னும் கறார்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராகப் பேசணும், பொருள் சொல்ல ஆளில்லை என்றால் சபையில் பேசாமல் இருக்கணும். கூட்டமே ஒரே நேரத்தில் குரல் எழுப்பும் இடங்களில் இந்த வசனத்தை வாசிப்பது அரிது.

பாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற கோட்பாடு 1901-இல் அமெரிக்காவின் டொபீகாவில் சார்லஸ் பார்ஹம் நடத்திய வேதாகமப் பள்ளியில் உருவானது. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் லுத்தரன் மரபில் அது இல்லை. கத்தோலிக்கர் ஆவியின் கொடையைத் திருமுழுக்கோடும் உறுதிப்பூசுதலோடும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபையினரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவர்களில் அசெம்பிளிஸ் ஆப் காட் என்ற சபை பாஷையை அபிஷேகத்தின் அடையாளம் என்கிறது, மீட்புக்கு நிபந்தனை என்பதில்லை. மீட்போடு அதை இணைப்பவர்கள், பெரும்பாலும் திரித்துவத்தை ஏற்காத ஒருத்துவப் பிரிவினர். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பாஷை பேசாத பாட்டியிடம் "உனக்கு மோட்சம் இல்லை" என்று சொல்லுமுன் ரோமர் 10:9-ஐத் திறந்து பாருங்கள். அங்கே கேட்பது இயேசுவை ஆண்டவர் என்று வாயால் அறிக்கையிடுவதும் இருதயத்தில் விசுவாசிப்பதும்தான்.