முதலில் வரிசை, பிறகு குவாட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போதெல்லாம், தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்துக்கு வந்துவிட்ட அணிகளின் ரசிகர்களிடையே ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது: கடைசியில் வந்ததால் கையில் கிடைத்த உயர்ந்த தேர்வை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்குச் செலவிடுவதா, அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வரிசைக்குச் செலவிடுவதா? என் நண்பர்களில் பெரும்பாலோர் குவாட்டர்பேக் பக்கம் நிற்கிறார்கள். நல்ல குவாட்டர்பேக் கிடைக்கும் வருடத்தில் அவரை விட்டுவிட்டால் இன்னொரு பத்து வருடம் தவிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும், ஒழுங்கான வரிசை இல்லாத அணி எடுக்கும் இளம் குவாட்டர்பேக்கை அந்த அணியே உடைத்துவிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள் என்று இந்த வரிசையில் ஐந்து பேர். ஆட்டம் முழுவதும் நின்றாலும், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தவிர மற்றவர்கள் அதைத் தொடுவதே அபூர்வம். குவாட்டர்பேக் பந்தை வாங்கிப் பின்வாங்கி, பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரைப் பார்த்து, அவர் மறிக்கப்பட்டிருந்தால் இரண்டாமவரைத் தேடி எறிவதற்குள் ஏறக்குறைய மூன்று நொடி ஆகிவிடும். அந்த மூன்று நொடியை வாங்கித் தருவதுதான் இந்த ஐவரின் வேலை. அது கிடைக்காவிட்டால், எறிவதற்கு முன்பே அவர் பந்தோடு தரையில் வீழ்த்தப்படுகிறார்; அதைத்தான் சாக் என்கிறார்கள்.

இதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய பெயர் டேவிட் கார். 2002-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் புதிய அணியாகக் களமிறங்கியபோது, டிராஃப்டின் முதல் தேர்வாக அவரை எடுத்தார்கள். இடது டேக்கிள் இடத்துக்கு, மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களிலிருந்து டோனி பொசெல்லியை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் அவர் ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. விளைவு, முதல் சீசனிலேயே கார் 76 முறை சாக் ஆனார். ஒரே சீசனில் ஒரு குவாட்டர்பேக் அதைவிட அதிகமாக வீழ்த்தப்பட்டதே இல்லை. 2005-ல் மறுபடியும் 68. ஹூஸ்டனில் அவர் இருந்த ஐந்து சீசன்களில் மொத்தம் 249.

இதில் எனக்குக் கோபம் வருவது அந்த எண்களைப் பார்த்து அல்ல. அந்த அணி அடுத்தடுத்து எடுத்த முடிவுகளைப் பார்த்துத்தான். 76 சாக்குகளுக்குப் பிறகு வந்த மூன்று டிராஃப்ட்களின் முதல் சுற்றில் அவர்கள் எடுத்தவர்கள் ஒரு ரிசீவர், எதிரணி ரிசீவர்களைக் காவல் காக்கும் ஒரு கார்னர்பேக், பந்தெறிபவரைத் துரத்தும் ஓர் ஆட்டக்காரர், ஒரு தற்காப்பு லைன்மேன். அந்த ரிசீவர் ஆண்ட்ரே ஜான்சன் மகத்தான ஆட்டக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹூஸ்டன் அணி முதல் சுற்றில் தன் முதல் அஃபென்சிவ் லைன்மேனாக, அதாவது இந்தத் தடுப்பு வரிசைக்கான முதல் ஆளாக, டுவேன் பிரவுனை எடுத்தது 2008-ல். கார் அதற்கு முந்தைய வருடமே வெளியேற்றப்பட்டிருந்தார்.

கார் பந்தை அதிக நேரம் கையில் வைத்திருந்தார், அதனால் சாக்குகளில் பாதிப் பழி அவருடையது என்று சொல்பவர்கள் உண்டு. சாக் என்பது வரிசையின் குற்றம் மட்டும் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப அடி வாங்கும் இளைஞனின் கண்கள், தூரத்தில் ஓடும் ரிசீவரை விட்டுவிட்டுத் தன்னை நோக்கிப் பாய்ந்து வருபவர்களைப் பார்க்கத் தொடங்குகின்றன. கால்கள் நிலைகொள்வதில்லை, அடி வராத இடத்திலும் அவர் அடியை எதிர்பார்த்து ஓடுகிறார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் படியும் அந்தப் பழக்கத்தை முப்பது வயதில் எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் மாற்ற முடியாது.

கார் ஒருவேளை முதல் தரமானவர் இல்லை என்று ஒதுக்கிவிடலாம். ஆண்ட்ரூ லக்கை அப்படி ஒதுக்க முடியாது. 2012-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் முதல் தேர்வாக எடுத்த லக், முந்தைய வருடம் 2-14 (இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி) என்று முடித்த அணியைத் தன் முதல் மூன்று சீசன்களிலும் 11-5 என்று கொண்டுபோனார். அவர் ஒருவரே போதும் என்று நிர்வாகம் நினைத்ததோ என்னவோ, 2014-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வை பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் டிரென்ட் ரிச்சர்ட்சனுக்காகக் கொடுத்துவிட்டார்கள். 2015-ல் முதல் சுற்றில் இன்னொரு ரிசீவரை எடுத்தார்கள். அதே 2015-ல் லக்கின் சிறுநீரகம் கிழிந்தது. தோள்பட்டைக் காயத்தால் 2017 சீசன் முழுவதையும் இழந்தார். 2018-ல்தான் கார்டு க்வென்டன் நெல்சனை ஆறாவது தேர்வாகவும், பிரேடன் ஸ்மித்தை இரண்டாம் சுற்றிலும் எடுத்தார்கள். அந்த சீசனில் லக் சாக் ஆனது வெறும் 18 முறை. சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப்புக்கும் அணி போனது. ஆனால் அதற்குள் அந்த உடம்பு தாங்கும் எல்லையைக் கடந்திருந்தது. 2019 ஆகஸ்டில், 29 வயதில், காயமும் வலியும் சிகிச்சையுமாகச் சுழலும் வாழ்க்கை போதும் என்று அவர் ஓய்வை அறிவித்தார். நெல்சனைப் போன்ற ஒருவர் நான்கு வருடம் முன்பே அங்கே இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

இதற்கு எதிராக ஜோ பர்ரோவைக் காட்டுவார்கள். 2020-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. அந்த நவம்பரிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. மறுவருடம் டேக்கிள் பெனே சூவல் கிடைக்கும் நிலையிலும், ஐந்தாவது தேர்வை ரிசீவர் ஜமார் சேஸுக்குக் கொடுத்தார்கள். அணி லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. ஆகவே அந்த முடிவு சரி என்பது வாதம். சேஸ் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் என்பதால், அந்தத் தேர்வைத் தவறு என்று நான் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஆனால் 2022 பிப்ரவரியில் நடந்த அந்த சூப்பர் பவுலில் சின்சினாட்டியின் கடைசி முயற்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், நான்காவது டவுன் என்ற கடைசி வாய்ப்பு, தேவை ஒரே ஒரு கெஜம், மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலை. மைதானத்தின் ஓரத்தில் சேஸ் தன்னைக் காவல் காத்த ஜேலன் ராம்சியைக் கடந்து தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். பர்ரோவுக்கு நிமிர்ந்து எறிய நேரமில்லை. ஆரன் டொனால்ட் வரிசையின் உட்பகுதியைப் பிளந்துகொண்டு வந்து அவர் இடுப்பைப் பிடித்துச் சுழற்ற, விழும்போது விசிறிய பந்து யார் கையிலும் சேராமல் விழுந்தது. அந்த ஓர் ஆட்டத்தில் பர்ரோ ஏழு முறை சாக் ஆனார். அதற்கு முன் டென்னசியில் ஒன்பது முறை. உலகின் மிகச் சிறந்த ரிசீவர் காலியாக நின்றாலும், பந்து அவரிடம் போய்ச் சேர வரிசை தேவை.

அந்த சூவல் எங்கே போனார்? இரண்டு இடம் தள்ளி, ஏழாவது தேர்வாக டெட்ராய்ட் லயன்ஸுக்கு. டேலர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ என்ற முதல் சுற்று லைன்மேன்கள் இருவர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். குவாட்டர்பேக் இடத்தில் இருந்தவர், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வேண்டாம் என்று அனுப்பிவைத்த ஜாரெட் காஃப். புதிய குவாட்டர்பேக்கை எடுக்காமல் வரிசையைக் கட்டுகிறார்களே என்று அன்று குறைபட்டவர்கள் பலர். முதல் வருடம் மூன்றே வெற்றிகள்தான். 2023 சீசனில் அதே காஃப், நேரம் கிடைத்ததும், டெட்ராய்ட்டுக்கு முப்பத்திரண்டு வருடங்களில் முதல் பிளேஆஃப் வெற்றியைப் பெற்றுத் தந்தார். அதுவும் தன்னை அனுப்பிவிட்ட ராம்ஸுக்கு எதிராக.

எனக்கு எதிரான வாதங்களில் வலுவானது 2008-ஐப் பற்றியது. மயாமி டால்ஃபின்ஸ் முதல் தேர்வாக டேக்கிள் ஜேக் லாங்கை எடுத்து, குவாட்டர்பேக் மேட் ரயனை விட்டுவிட்டது. 1-15 என்றிருந்த மயாமி உடனே 11-5 என்று எழுந்தது உண்மை. ஆனால் நிலையான குவாட்டர்பேக் கிடைக்காமல் விரைவில் சரிந்தது. மூன்றாவது தேர்வாக அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போன ரயனோ பிறகு லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார். இதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அட்லாண்டா அதே டிராஃப்டின் முதல் சுற்றுக்குள் மீண்டும் முன்னேறி வந்து, 21-ஆவது தேர்வாக டேக்கிள் சாம் பேக்கரையும் எடுத்தது என்பதை இந்த வாதத்தை வைப்பவர்கள் சொல்வதில்லை. ரயன் இறங்கிய அன்றே அவரைக் காக்க ஓர் இளம் டேக்கிளும் இறங்கினார். மயாமி செய்த தவறு லாங்கை எடுத்தது அல்ல. வரிசை பலமாக இருந்த வருடங்களில் குவாட்டர்பேக்கைத் தேடி முடிக்காதது.

2011-இல் வந்த ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, முதல் தேர்வாக வரும் குவாட்டர்பேக் நான்கு வருடம் மலிவாகக் கிடைக்கிறார் என்பதும் சரியே. 2010-ல் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. மறுவருடம் கேம் நியூட்டனின் முழு ஒப்பந்தமே சுமார் 2.2 கோடிதான். ஆனால் அந்த மலிவான நான்கு வருடத்தில் முதல் இரண்டை அடி வாங்குவதிலேயே கழித்தால் என்ன மிச்சம்? பிரைஸ் யங் 2023-ல் 62 முறை, கேலப் வில்லியம்ஸ் 2024-ல் 68 முறை சாக் ஆனார்கள். இருவருமே அந்தந்த வருடத்தின் முதல் தேர்வுகள். வில்லியம்ஸின் அணியான சிகாகோ 2025-ல் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று வரிசையின் உட்புறத்துக்கு மூன்று பேரைக் கொண்டுவந்ததும் வில்லியம்ஸின் சாக்குகள் பாதிக்கும் கீழே இறங்கின; அணி தன் பிரிவையும் வென்றது. அந்த மூவரும் ஒரு வருடம் முன்பே வந்திருக்கலாம்.

லைன்மேன்களும் தோற்றுப்போவதுண்டு. 2004-ல் இரண்டாவது தேர்வாக வந்த ராபர்ட் கேலரி டேக்கிள் இடத்தில் சறுக்கினார். ஆனால் அவரைக் கார்டு இடத்துக்கு மாற்றி ஓக்லண்ட் பல வருடம் பயன்படுத்தியது. தோற்ற குவாட்டர்பேக்கை வேறெங்கே நிறுத்துவது?

ஆகவே, வரிசை சிதைந்து கிடக்கும் அணியின் ரசிகர்களிடம் நான் சொல்வது இதுதான். முதல் தேர்வை வேறொரு அணிக்குக் கொடுத்து இரண்டு மூன்று தேர்வுகளாக மாற்ற முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். டேக்கிளையும் கார்டையும் எடுங்கள். அனுபவமுள்ள ஒரு குவாட்டர்பேக்கைக் குறைந்த செலவில் கொண்டுவந்து ஒரு சீசன் ஆடவிடுங்கள். அரிய திறமை கொண்ட இளைஞர் கிடைத்தே தீருகிறார் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே களத்தில் இறக்காதீர்கள். 2017-ல் கேன்சஸ் சிட்டி, பத்தாவது தேர்வாக எடுத்த பேட்ரிக் மஹோம்ஸை அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்து, சீசனின் கடைசி ஆட்டத்தில் மட்டுமே தொடங்கவைத்தது. அதுவோ ஏற்கெனவே பிளேஆஃப் ஆடிக்கொண்டிருந்த அணி. மூன்று ஆட்டம் வென்ற அணிக்கு அதைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும்.