பழகும் கையும் அதன்மேல் இருக்கும் கையும்

கடந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லோருடைய கைபேசியிலும் சுற்றிவரும், எங்கள் வைத்தியசாலையில் ஒருவர் படம் பிடித்து எங்களைக் குற்றம்சாட்டும் அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில், தலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிற்பவன், என்பு முறிவுச் சத்திரசிகிச்சை பயிலும் மருத்துவனான நான்தான் என்பதை உங்களில் பலர் கண்டுகொண்டீர்கள். அக்கறையோடு விசாரித்தவர்களுக்கு நன்றி. காணொளியில் இருக்கும் நோயாளியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. அவருக்கு என்ன முறிவு, நாங்கள் என்ன செய்தோம், ஏன் தாமதமானது என்பவை அவருக்கு உரிய விடயங்கள். படம் பிடித்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எனக்கு இருக்கிறது. ஆகவே "எங்கட சனத்தின்ர எலும்பில பழகுறாங்கள்" என்று காணொளியில் சொல்லப்படும் அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆம், பழகுகிறோம். போதனா வைத்தியசாலை என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் தனியே பழகவில்லை. இந்த வேறுபாட்டை எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்பதால் இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பட்டமும் உள்ளகப் பயிற்சியும் முடித்த ஒருவர், கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையில் தேறி, பதிவாளர் எனப்படும் பயிற்சி மருத்துவராக நோயாளர் விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் நின்று, எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை எழுதி, சிரேஷ்ட பதிவாளராகி, வெளிநாட்டிலும் பயின்ற பிறகுதான் என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகிறார். இந்தக் காலம் முழுவதும் நான் ஒரு பதிவேட்டைக் கூடவே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் எதிரே, பார்த்தேனா, உதவினேனா, மேற்பார்வையில் செய்தேனா, தனியே செய்தேனா என்று குறித்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வகையிலும் பக்கங்கள் நிறைந்த பிறகே மூன்றாவதில் எனக்கு ஒரு வரி எழுதக் கிடைத்தது.

எலும்பில் துளையிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரில் முதற் பக்கத்தின் கெட்டியான ஓட்டைத் துளைத்து நடுவிலுள்ள மென்மையான பகுதிக்குள் போகும்போது ஒரு சத்தம் கேட்கும். மறுபக்கத்து ஓட்டைத் தொட்டதும் சத்தம் மாறும். அந்த ஓடு விட்டுக்கொடுக்கும் கணத்தில் கை நிற்க வேண்டும். அரை அங்குலம் கூடுதலாகப் போனால் அங்கே நாடியோ நரம்போ இருக்கலாம். இதை எந்தப் புத்தகமும் காதுக்குக் கற்றுத்தர முடியாது. முதலில் பிளாஸ்ரிக் எலும்பில் பழகினேன். பிறகு நிபுணர் துளைக்கும்போது அருகில் நின்று மாதக்கணக்காகக் கேட்டேன். பின்னர் அவர் நிற்க நான் துளைத்தேன்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய தந்தையிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து வந்தான். கை வீங்கி, விரல்கள் வெளிறி, மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லாமல் இருந்தது. முறிந்த எலும்பின் முனை இரத்தக்குழாயை அழுத்தினால் அப்படித்தான் இருக்கும். இரவு பன்னிரண்டரை மணிக்கு அவனை மயக்கி, ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, எக்ஸ்றே இயந்திரத்தின் கீழே கையை வைத்தோம். கையை இழுத்து, பக்கவாட்டில் விலகியதைச் சரிசெய்து, முழங்கையின் பின்புறத்தைப் பெருவிரலால் தள்ளியபடி மடக்க வேண்டும். நான் முதலில் செய்தபோது எலும்பு இருக்கவேண்டிய இடத்துக்கு வரவில்லை. நிபுணர் ஒன்றும் பேசாமல் தன் கையை என் கையின்மேல் வைத்து, நான் இழுத்துக்கொண்டிருந்த திசையைச் சற்றே திருப்பினார். எலும்பு உட்கார்ந்ததை இரண்டு பேரும் உணர்ந்தோம். இரண்டு கம்பிகளைச் செலுத்தி அதை நிறுத்திய பிறகு, என் விரலைப் பிடித்து அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் வைத்தார். துடிப்பு வந்திருந்தது. காணொளியில் "பழகுகிறவன்" என்று சொன்னவருக்கு நான் காட்ட விரும்புவது அந்த மேசையைத்தான்.

இந்தத் துறைக்கு நான் ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000 ஆம் ஆண்டில் புதுக்குடியிருப்பில் என் அக்காவுக்கும் இதே முறிவு ஏற்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்த காலம் அது. 2002 இல் பாதை திறக்கும்வரை யாழ்ப்பாணத்துக்குப் போவது என்பது எங்கள் வீட்டில் பேச்சில்கூட இல்லை. ஊரிலிருந்த முறிவு தெறிவு வைத்தியர் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். அவர் நல்ல மனிதர், எத்தனையோ பேருக்கு எலும்பு பொருந்தச் செய்தவர், அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் வீக்கம் உள்ளே ஏற, கட்டு வெளியே இறுக்க, அக்கா இரவிரவாக அழுதாள். முறிவு என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்தோம். விரலைச் சற்று நீட்டிப் பார்த்தாலே துடிக்கும் அந்த வலி, தசைகளுக்கு இரத்தம் போகவில்லை என்ற எச்சரிக்கை என்பதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சில மணித்தியாலங்கள் கடந்தால் தசை இறக்கத் தொடங்கும். இறுக்கமான கட்டினால் கை இப்படிச் சுருங்கிப்போவதை வொல்க்மன் என்ற ஜேர்மன் மருத்துவர் 1881 இலேயே எழுதி வைத்திருந்தார் என்பதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா இன்றைக்கும் இடக்கையால்தான் கரும்பலகையில் எழுதுகிறாள்.

"தனியார் வைத்தியசாலையில் நிபுணரே செய்கிறார்தானே" என்று கேட்பீர்கள். அந்த நிபுணரும் ஒரு போதனா வைத்தியசாலையில், இன்னொருவரின் கையின் கீழ் பழகியவர்தான். "ஏழைகளில்தான் பழகுகிறீர்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பணமுள்ளவர்கள் வேறிடம் போகிறார்கள் என்பது உண்மை, அந்த அநியாயத்தை நான் உண்டாக்கவில்லை. 2012 இல் விசுவமடுவில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் புரண்டு அப்பாவின் கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோது, நடுச்சாமத்தில் அந்தக் காயத்தில் ஒட்டியிருந்த வயல்மண்ணைக் கழுவி எடுத்தவரும் ஒரு பயிலுநர்தான். அப்பா இன்றைக்கும் அந்தக் காலோடுதான் வரம்பில் நடக்கிறார்.

ஒரு குறையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். யார் செய்யப்போகிறார், யார் அருகில் நிற்பார் என்பதை நாங்கள் முன்கூட்டியே, விளங்கும் தமிழில் சொல்வதில்லை. படிவத்தை நீட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அது தவறு. முப்பது மணித்தியாலம் விழித்திருந்தேன் என்பது அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது. ஆனால் சொல்லாமல் விட்டது ஒரு குற்றம், தெரியாமல் வெட்டியது இன்னொரு குற்றம். முதலாவதை நான் செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது எது என்றால், அம்மா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டாள். விடுமுறையில் வந்தவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "உனக்குப் பக்கத்தில பெரிய டொக்டர் நிக்கிறவர்தானே, தம்பி?" என்று கேட்டாள். நிற்கிறார் அம்மா என்றேன். 2022 க்குப் பிறகு எத்தனையோ மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். என்னோடு படித்தவர்களிலும் போனவர்கள் உண்டு, அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. நான் பயிற்சியை முடித்து வன்னிக்கே திரும்பி வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். பரந்தனிலும் முல்லைத்தீவிலும் விழுந்து கால் முறிகிறவர், எலும்பு அசைய அசைய மணிக்கணக்கில் வண்டியில் கிடக்காமல் இங்கேயே சிகிச்சை பெற வேண்டும் என்றால், இங்கே வந்து நிற்பவர் எங்கேயோ, யாரிடமோ, யாருடைய எலும்பிலோ பழகித்தான் வர வேண்டும்.

படம் எடுத்தவரிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை காலை நான் விடுதியில் இருப்பேன், வாருங்கள். யார் செய்தார், யார் அருகில் நின்றார், என்ன நடந்தது என்று நோயாளியின் சம்மதத்தோடு கேளுங்கள், இருந்து பதில் சொல்கிறேன். என் முகம் காணொளியில் கிடக்கட்டும். பின்னால் கட்டிலில் படுத்திருக்கும் அந்த இரண்டு பேரின் முகங்களையாவது இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.