பிள்ளை முகத்தைப் பார்த்தால் போய்விடுமா?

சனிக்கிழமை வளைகாப்பில் பேசப்பட்டதைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். காணொளி எல்லாக் குடும்பக் குழுக்களிலும் சுற்றிவிட்டது. உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரிப்பு முகமும் போட்டிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை மறுபடியும் விவரிக்கவில்லை, பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி ஒரு பெரியவர் அங்கே சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "டிப்ரஷன் என்பதெல்லாம் இப்போது வந்த பேச்சு, பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் தானாகப் போய்விடும்." மண்டபமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில் வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் கைதட்டினேன். அதை நினைத்துத்தான் எனக்கு மூன்று நாள்களாக உறக்கம் இல்லை.

பேசிய பெரியவர் மீது கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் திருமணத்தையே முன்னின்று நடத்தியவர் அவர். ஆனால் அன்போடு சொன்னதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. கேட்டுக்கொண்டிருந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்து, அதன் முகத்தைப் பார்த்து, அப்படியும் மனத்தின் பாரம் இறங்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? நமக்கு நோய் வந்திருக்கிறது, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கமாட்டாள். எல்லாருக்கும் போய்விடுவது நமக்கு மட்டும் போகவில்லையே, அப்படியென்றால் நாம் தாயாக இருக்கவே தகுதி இல்லாதவள் என்றுதான் நினைப்பாள். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் அந்த வாக்கியமே அவள் வாயை அடைத்துவிடுகிறது.

இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

2013இல் என் மகள் பிறந்தாள். சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. அத்தை ஊரிலிருந்து வந்து பத்தியம் பார்த்தார், பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் வேளை தவறாமல் வந்தன, பணிப்பெண்ணும் இருந்தார். பிள்ளை நன்றாக உறங்கும் இரவிலும் நான் மூன்று மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். நீராவிப் பெட்டியிலிருந்து பால் புட்டிகளை எடுத்து எண்ணுவேன். ஆறு புட்டி, ஆறு காம்பு, ஆறு மூடி. மறுபடியும் முதலிலிருந்து. எண்ணி முடித்தால் அறைக்குத் திரும்ப வேண்டுமே என்பதற்காகவே எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இல்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். யாரோ தங்கள் பிள்ளையை ஓர் இரவு பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனதைப் போல இருந்தது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், நான் இல்லாமல் இருந்தால் இவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. அழுகையோடு வரவில்லை. வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்ததைப் போல, அமைதியாக, நியாயமாக வந்தது. இன்றுவரை எனக்கு அந்த அமைதியை நினைத்தால்தான் பயம்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் தாள் அது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்டது. மொத்தம் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா என்று மெதுவாகத் தொடங்கும். பத்தாவது கேள்வி, உங்களையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பக்கத்து நாற்காலியில் அத்தை பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். தாள் அவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 'ஒருபோதும் இல்லை' என்று குறித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், வேலை போய்விடும் என்ற பயம் வேறு.

தாதி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அத்தையிடம், "ஆன்ட்டி, பாப்பாவுக்கு எடை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி இன்னொரு தாதியோடு அனுப்பிவைத்தார். கதவைச் சாத்தினார். புதிய தாள் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, அவசரம் இல்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவதற்கு அந்தச் சாத்திய கதவும் ஒரு காரணம். மீண்டு வர எட்டு மாதம் ஆயிற்று; மாத்திரையும் ஆலோசனையும் தேவைப்பட்டன. மாத்திரையின் பெயரைக் கேட்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடக்கூடாது.

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், அவளுக்கு டிப்ரஷன் வந்ததா?" என்று இந்தப் பதிவின் கீழே கேட்கப்போகிறீர்கள். உங்கள் பாட்டியிடம் யாராவது கேட்டார்களா? 1966ஆம் ஆண்டில் மட்டும் நம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் பிறந்தன. அந்த எண்ணிக்கை கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. என் சின்னம்மா அந்த ஆண்டில் அங்கே பிறந்தவர். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினோமே தவிர, வீட்டுக்குத் திரும்பிய பெண்களில் எத்தனை பேர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்கள் என்று கணக்கு எடுத்ததில்லை. பாட்டியின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிள்ளை பெற்ற ஒரு பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாளாம். சன்னி என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள். அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம் பாட்டி பேச்சை மாற்றிவிடுவார். நோய் அன்றும் இருந்தது, பெயர்தான் வேறாக இருந்தது.

"இது வெள்ளைக்காரர்களின் நோய், வசதி வந்ததால் வந்தது" என்பவர்களுக்கும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலக அளவில் கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. வளரும் நாடுகளில் அது 15.6, 19.8 என்று இன்னும் கூடுகிறது. வசதி குறைந்த இடத்தில்தான் அதிகம். கர்ப்பிணிகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிற நோய் இது.

பிரசவமான சில நாள்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவது வேறு. பெரும்பாலான தாய்மார்களுக்கு அது வரும், இரண்டு வாரத்துக்குள் போயும்விடும். பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாமே போய்விடும் என்று நம்புகிறார் என நினைக்கிறேன். இரண்டு வாரம் கடந்தும் போகாவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரக்கூடிய, இல்லாத குரல்கள் கேட்கும் கடுமையான மனநிலைக் கோளாறு இன்னொன்று இருக்கிறது. அதற்கு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், காத்திருக்கவே கூடாது. பிரிட்டனில் பிரசவமான ஆறு வாரம் முதல் ஓராண்டு வரை, கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய தாய்மார் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தற்கொலை. இரத்தப்போக்கையும் காய்ச்சலையும் பற்றி மணிக்கணக்கில் அறிவுரை சொல்லும் நாம் இதைப் பற்றி மட்டும் ஏன் கைதட்டிச் சிரிக்கிறோம்?

மாத்திரை சாப்பிட்டால் பால் கெட்டுவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் பார்த்துத் தருவார். அதே கண்டாங் கெர்பாவில், இன்றைய கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில், 2008இலேயே இதற்கென்று தனித் திட்டம் தொடங்கப்பட்டது. கர்ப்பகால மனநலத்துக்கு 2023இல் சிங்கப்பூருக்கென்றே மருத்துவ வழிகாட்டி வெளிவந்தது. "வெளியே சொன்னால் போலிஸ் வரும்" என்ற பயமும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை. மனத்தில் எண்ணம் வந்ததற்காக யாரும் எப்போதும் சிறைக்குப் போனதில்லை.

கணவன்மார்களே, உங்களையும் விட முடியவில்லை. 2025 ஏப்ரல் முதல் தந்தையருக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு கட்டாயமாகிவிட்டது. அந்த நான்கு வாரத்தில் ஒரு முறையாவது அறைக்கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டீர்களா? பால் வந்ததா என்று கேட்பது அதில் சேராது. "உனக்கு இங்கே என்ன குறை?" என்று என்னிடம் கேட்கப்பட்டது. அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. குறை இல்லாமலும் நோய் வரும் என்பதைத் தவிர நான் வேறு என்ன சொல்வது?

எனக்கு அதிகம் வலித்தது பெரியவரின் பேச்சால் அல்ல. அந்தக் கைதட்டலில் பெண்களின் கைகள்தான் அதிகம். என் சமையலறையில் வந்து நின்று, யாரிடமும் சொல்லாதே என்று அழுதுவிட்டுப் போன இருவர் முன்வரிசையில் இருந்தனர். அவர்களும் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பிள்ளை முகத்தைப் பார்த்தும் எங்களுக்குப் போகவில்லை என்பது அங்கே மூவருக்குத் தெரியும். மூவரும் வாயைத் திறக்காமல் கையைத் தட்டினோம். நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விழாவைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கியிருப்பேன், வாங்கியிருக்கலாம்.

வளைகாப்புப் பெண்ணைப் பற்றி இங்கே யாரும் எதுவும் கேட்க வேண்டாம். அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அவள் விரும்பும் ஆளிடம் அவளே சொல்வாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த நேரத்தில் சமையலறையில் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தால்: தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஆம்புலன்ஸ் எண் 995. யாரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு உள்பெட்டியில் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிடுங்கள், நான் அழைக்கிறேன். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட வருகிறேன். உங்கள் அத்தை உடன் வந்தாலும் பரவாயில்லை. பாப்பாவுக்கு எடை பார்க்க அவரை நான் அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன்.