சென்னையில் உட்கார்ந்து பேச இடம் வேண்டும்

சென்னையில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நண்பர்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுவிட்டு, அப்படியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் இடமில்லை. ஊரைச் சுற்றிச் சாப்பிடக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் கூட்டத்துக்கு இதுதான் குறை.

பெரும்பாலும் பாரிமுனையில் சேர்வோம். செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ (பொரித்த மொறுமொறு தட்டை), புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள முட்டை மசாலா, கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். அப்புறம் சௌகார்பேட்டைப் பக்கம் நடை. மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும். இரண்டு முறுக்குக்கு நடுவில் சட்னி தடவி, தக்காளியும் வெள்ளரியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சை விட்டுவிட்டு வர முடியுமா? ஒரு தட்டை எல்லோரும் பகிர்ந்துகொண்டால்தான் அடுத்த கடைக்கு வயிற்றில் இடமிருக்கும்.

சுவையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே நின்றபடிதான். பைக்கும் ஆட்டோவும் முழங்கையை உரசிக்கொண்டு போகும். வேலை போன நண்பன் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது, நாங்கள் மூன்று முறை ஒதுங்கி வழிவிட்டோம். அவன் பாதியிலேயே பேச்சை விட்டுவிட்டான்.

சரி, உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே இருக்கிறது. 1948இல் தொடங்கிய கடை. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். அதற்காக எத்தனை தூரமும் போகலாம். ஆனால் கூட்ட நேரத்தில் அடுத்தவர் இடத்துக்காகப் பின்னால் நிற்பார். அந்த விலைக்கு டிபன் கொடுக்கும் கடையில் மேசை சீக்கிரம் காலியாக வேண்டும், அது நியாயம்தான்.

புதிய கஃபேக்களில் ஒரு காபி விலைக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அப்படி ஒன்றில், கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். ஒயிட்ஸ் சாலை அமேதிஸ்ட் போல மரநிழலில் நிம்மதியாக உட்காரக் கூடிய இடங்களும் உண்டு. அடிக்கடி போக எங்கள் சம்பளம் இடம்கொடுக்காது.

பார் விஷயம் இன்னும் மோசம். 2003இலிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். மற்றபடி பார் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். டாஸ்மாக்கை ஒட்டிய பாருக்கு எங்கள் தோழிகளைக் கூட்டிப்போக முடியாது. ஆண்களுக்கே அங்கே உட்காரப் பிடிப்பதில்லை. நட்சத்திர ஓட்டலில் இரண்டு பீருக்குள் பர்ஸ் காலி. பெங்களூரில் பெக்கோஸ் மாதிரி பப்களில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் பாட்டுக் கேட்டு, நிதானமாகச் சாப்பிட்டு, குடிக்காதவரும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து வருகிறார்கள். குடியை வளர்க்கச் சொல்லவில்லை. அவசரமாக ஊற்றிக்கொண்டு வெளியேறும் குடிதான் உடம்பையும் வீட்டையும் அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து.

நிதானமாக உட்கார்ந்து பேசுவது இந்த ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. கதீட்ரல் சாலையில் 1962இலிருந்து உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. ஒரு காபியை வைத்துக்கொண்டு மரத்தடியில் மணிக்கணக்கில் பேசலாம். மாணவர்கள், சினிமாவில் வாய்ப்புத் தேடியவர்கள், குடும்பங்கள் என்று எல்லோருக்கும் அங்கே இடமிருந்தது. 2008இல் மூடினார்கள்; 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மரத்தடி மேசைகளுக்கு மாற்றாக இந்த நகரம் எதையும் கொடுக்கவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இலேயே அரசாணை வந்தது. இன்றும் பதினொன்றை நெருங்கினால் பல கடைகளில் ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது. தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி மாநகராட்சி பெஞ்சு போட்டது. ஒன்றும் வாங்காதவர்கள்கூட அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். மின்ட் தெருவிலும் செகண்ட் லைன் பீச் தெருவிலும் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, பத்து மேசையாவது போடுங்கள். வடசென்னைக்கு முதலில் செய்யுங்கள்.