எளிய சொற்களில் எழுதிய அந்த மாணவிக்காக

ஆங்கில இலக்கிய மாணவி ஒருவர் எளிய ஆங்கிலத்தில் எழுதியதைக் கேலி செய்து, கடந்த வாரம் முழுவதும் நம்மில் பலருடைய சமூக ஊடகப் பக்கங்களில் சுற்றிவந்த அந்த அசைன்மென்ட் தாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றே இருந்தேன். எல்லோரும் பார்த்ததுதான் என்பதால் கல்லூரியின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இங்கே தேவையில்லை. ஆனால் நேற்று, ஆங்கில இலக்கியம் கற்பிக்கும், நான் மிகவும் மதிக்கும் நண்பர் ஒருவரும் “இந்த வொக்காபுலரியோடு இலக்கியம் படிக்க வந்துவிடுகிறார்கள்” என்ற வரியைச் சேர்த்து அதைப் பகிர்ந்திருந்ததைக் கண்டேன். இனியும் பேசாமல் இருந்தால் அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டதாகிவிடும்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளில் எழுதியிருப்பதைப் படித்தீர்கள்? பி.ஏ. முதலாண்டு படிக்கும் அந்த மாணவி, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1800-இல் வெளியிட்ட எட்டு வரிக் கவிதை ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். லூசி என்ற பெண்ணைப் பற்றியவை என்று கருதி, லூசி கவிதைகள் என்று நாம் வகுப்பில் சொல்பவற்றுள் மிகச் சிறியது அது. “அவள் இறந்துவிட்டாள் என்று கவிஞர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவள் அசையவில்லை, கேட்கவில்லை, பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறார். அதனால் நமக்கு அதிகமாக வலிக்கிறது.” இந்தப் பொருளில் மூன்று சிறிய ஆங்கில வாக்கியங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கவிதையின் உயிரே அதுதான். முதல் நான்கு வரிகளுக்கும் அடுத்த நான்கு வரிகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் அவள் இறந்துபோகிறாள். அந்த மரணத்துக்கென்று கவிஞர் ஒரு வரியைக்கூட ஒதுக்கவில்லை. கைடு எதையும் பார்க்காமல் அதைத் தானாகவே கண்டுகொண்ட ஒரு பெண்ணின் வாக்கியங்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, ‘பள்ளிக்கூட ஆங்கிலம்’ என்று குறித்து, படம் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். ‘வலிக்கிறது’ என்ற இடத்தில் நீளமான லத்தீன் வழிச் சொல் ஒன்றைப் போட்டிருந்தால் பாராட்டுக் கிடைத்திருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆத்திரத்தைவிடத் துக்கமே அதிகமாக வருகிறது.

அருஞ்சொற்களைக் கற்று முடித்துவிட்டு யாரும் இலக்கியத்துக்கு வருவதில்லை. இலக்கியத்தைப் படித்துப் படித்துத்தான் அருஞ்சொற்கள் நம்மிடம் வந்து சேர்கின்றன. இதற்கான சான்று அந்தக் கவிதையிலேயே இருக்கிறது. அதன் ஏழாவது வரியில் ‘டையர்னல்’ என்ற சொல் வருகிறது. நாள்தோறும் நிகழும் சுழற்சியைக் குறிப்பது. கவிதை முழுவதிலும் மாணவர்கள் அகராதியைத் திறக்க வேண்டிய சொல் அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் பாறை, கல், மரம் போன்ற அன்றாடச் சொற்கள். அந்த எளிய சொற்களுக்கு நடுவே, வானியல் நூலிலிருந்து வந்ததுபோல் அந்த ஒரு சொல் கனத்து நிற்பதால்தான், அவள் இனி பூமியோடு சேர்ந்து சுழலும் வெறும் பொருளாகிவிட்டாள் என்பது நம்மைத் தாக்குகிறது. வகுப்பில் கொடுக்கும் சொற்பட்டியலில் இருபது சொற்களுக்கு இடையே அதை மனப்பாடம் செய்த மாணவருக்கு அந்தக் கனம் எப்படித் தெரியும்? அலங்காரச் சொற்களை விட்டு மனிதர்கள் உண்மையாகப் பேசும் மொழியில் எழுத வேண்டும் என்று அந்தக் கவிதை வெளிவந்த அதே தொகுப்பின் முன்னுரையில் வாதாடியவர் வேர்ட்ஸ்வொர்த். அந்த முன்னுரையை வகுப்பில் நடத்தி, தேர்வில் கட்டுரை வினாவாகவும் கேட்டுவிட்டு, எளிய சொல்லில் எழுதியதற்காக ஒரு மாணவியை அவமானப்படுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

“அப்படியானால் சொல்வளமே வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். வேண்டும், நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஆங்கில நாவலை யார் துணையும் இல்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையிலான சொற்குடும்பங்கள், அதாவது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், தெரிந்திருக்க வேண்டும். அப்போதும் ஐம்பது சொற்களுக்கு ஒன்று தெரியாமல்தான் இருக்கும். முதல் செமஸ்டரில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஐந்நூறு சொற்களால் அந்த இடத்துக்கு யாரும் போய்ச் சேர முடியாது. திரும்பத் திரும்பப் பல நூல்களில் ஒரே சொல்லைச் சந்திப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இது இன்று நேற்றுத் தெரிந்த செய்தியும் அல்ல. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்காவில் பணியாற்றியபோதே, வங்காள மாணவர்களின் வாசகப் புத்தகங்களில் அரிய சொற்களைத் திணித்திருப்பதுதான் அவர்களை வாசிக்க விடாமல் தடுக்கிறது என்று கண்டு, முதலில் தேவைப்படும் சொற்களைக் கொண்டு புதிய வாசகப் புத்தகங்களை எழுதினார். அவர் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியல் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களைக் கொண்டது. நம் துணைக்கண்டத்து மாணவர்களின் சிரமத்தைப் பார்த்துப் பிறந்த அந்த அறிவை நாமே மதிப்பதில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவள். முதலாண்டில் ஒரு நாள், நாவல் ஒன்றின் கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டபோது, “அவன் நல்லவன், ஆனால் பயந்தவன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “உனக்கெல்லாம் தமிழ் இலக்கியம்தான் சரிப்படும், அங்கே போய்ச் சேர்ந்துகொள்” என்றார் அந்த ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குக் கேட்கிறது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் என்னை அவமதித்ததை நான் எப்போதோ பொறுத்துக்கொண்டுவிட்டேன். தமிழ் இலக்கியத்தை ஆங்கிலம் வராதவர்கள் ஒதுங்கும் இடமாக அவர் பேசியதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. சங்கப் பாடல் ஒன்றை உரையில்லாமல் பிரித்துப் பொருள் சொல்லச் சொன்னால், அன்று சிரித்தவர்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

என்னை மீட்டவர் அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆசிரியை. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றை அவர் எங்களோடு சேர்ந்து உரக்க வாசித்தார். புயல் வரும் இரவில், அறுத்துக் குவித்த கதிர்ப்போர்களை மழைக்கு முன் மூடிக் காப்பாற்றும் காட்சி அதில் உண்டு. ஒரு சொல் தெரியவில்லை என்றால் அரைப் பக்கம் பொறுத்திருக்கச் சொல்வார்; என்னவாக இருக்கும் என்று எங்களைச் சொல்ல விடுவார்; அதன் பிறகுதான் லிஃப்கோ அகராதியைத் திறக்க விடுவார். ஆங்கில வழியில் படித்தவர்கள் தடுமாறிய அந்தப் பக்கங்களில், களத்துமேட்டை அறிந்த நாங்கள் கதிர்ப்போருக்கும் மூடாக்குக்கும் உரிய சொற்களை முதலில் கண்டுபிடித்தோம். அன்று கற்ற சொற்கள் எதுவும் எனக்கு மறக்கவில்லை.

நண்பர் ஒருவர் வலுவான கேள்வி ஒன்றை எழுப்பியிருக்கிறார். திண்ணைப் பள்ளிகளில் பழைய சொற்பொருள் நூலான நிகண்டை மனப்பாடம் செய்த மரபு நம்முடையதுதானே, உ.வே.சா.வே அப்படித்தானே கற்றார் என்கிறார். உண்மைதான். ஆனால் நிகண்டு செய்யுளாக இருந்தது, ஓசையோடு நெஞ்சில் தங்கியது. அதைப் படித்த பிள்ளைக்குத் தமிழ் தாய்மொழி. அதோடு சேர்த்தே ஆசிரியரிடம் நூல்களையும் பாடம் கேட்டார்கள். உ.வே.சா. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அமர்ந்து கேட்ட நூல்கள் எத்தனை! நூலை எடுத்துவிட்டு மனப்பாடத்தை மட்டும் பிடித்துக்கொள்வது அந்த மரபுக்கும் செய்யும் அநியாயம். சொல் தெரிந்தால் கவிதை புரிந்துவிடும் என்பதும் சரியில்லை. கேம்பிரிட்ஜில் இலக்கியத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்தபோது, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் எப்படியெல்லாம் தவறாக வாசித்தார்கள் என்பதை 1929-இல் அவர் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது.

கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தகுதித் தேர்வுக்குச் சொற்கள் வேண்டாமா என்பவர்களுக்கு: முதலாண்டுப் பெண்ணுக்கு அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. “வேடிக்கைக்காகத்தானே பகிர்ந்தோம்” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் தாளை நீங்கள் அப்படிப் பகிர்ந்திருக்க மாட்டீர்கள்.

அந்த மாணவி எங்கும் முறையிடப் போவதில்லை. இன்டர்னல் மதிப்பெண் அதே ஆசிரியரின் கையில் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. ஆகவே துறைத் தலைவர்களிடம் கேட்கிறேன்: வரும் செமஸ்டரிலிருந்து சொற்பட்டியல் தேர்வுக்கு ஒதுக்கும் மணிநேரத்தைப் பாடநூலை வகுப்பில் சேர்ந்து வாசிக்கக் கொடுங்கள். அசைன்மென்டைத் திருத்தும்போது மாணவர் கவிதையில் என்ன கண்டார் என்பதற்கு முதலில் மதிப்பெண் போடுங்கள். எந்தச் சொல்லில் சொன்னார் என்பதை அதன் பிறகு பாருங்கள். வகுப்பில் பொருள் தெரியாத சொல்லைக் கேட்டதற்காக யாருடைய இன்டர்னலும் குறையாது என்று முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.